மீனேறி ஓடைக்கு மேலே

செப்டம்பர் 9

ஆலங்கடவு வந்து சேர்ந்தேன். மஞ்சாற்றங்கரையில் இதுதான் கடைசி ஊர். இதற்கு மேல் பேருந்து கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அதே ஓட்டு வீட்டில் அறை கொடுத்திருக்கிறார்கள். கதவின் தாழ்ப்பாள் இப்போதும் சரியாக விழவில்லை. கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்தேன்.

சாமான்கள் சேதமில்லாமல் வந்துவிட்டன. ரேடியோ ரிசீவர், கையில் பிடிக்கும் ஆன்டெனா, மீன் வயிற்றுக்குள் வைக்கும் டிரான்ஸ்மிட்டர்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் பேனா மூடி அளவு. பாறையில் பொருத்தித் தானாகவே பதிவு செய்யும் பெட்டி ஒன்று, அதற்குச் சோலார் தகடு.

எதற்கு வந்தேன் என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஊருக்கு மேலே எட்டு கிலோமீட்டரில் இடுக்குப்பாறை இருக்கிறது. ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே நெருங்கி, சிறிய அருவியாக விழும் இடம். அங்கே மின்சாரத்துக்கு அணை கட்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது. எங்கள் மீன் ஆய்வு நிறுவனம் ஆறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி: "பெருங்கெண்டை இடுக்குப்பாறையைத் தாண்டி மேலே செல்வதில்லை, அருவி நிரந்தரத் தடை." மேலே போகாத மீனுக்கு அணையால் என்ன கெடுதல்? அந்த ஒரு வரியின் மேல்தான் அணை நிற்கப்போகிறது. அனுமதி கொடுக்கும் குழு, வரியை மறுபடி உறுதிப்படுத்தித் தரும்படி கேட்டிருக்கிறது. இயக்குநர் சபாநாயகம் சார் ஐந்து வாரம் ஒதுக்கினார். அக்டோபர் 15 வரை.

இந்த வேலையை நானாகக் கேட்டு வாங்கி வந்தேன். காரணம் கேட்டார். ஆர்வம் என்றேன்.

செப்டம்பர் 10

பரிசல்காரர் நஞ்சி. வயது நாற்பதுக்குள் இருக்கும். பரிசல் அவர் கணவர் காளனுடையது. அவர் இரண்டு வருடத்துக்கு முன் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார் என்று பள்ளிக்கூட ஆயா சொன்னார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்த உடனே போய்ப் பார்த்திருப்பேன்.

பெண் ஓட்டும் பரிசலில் ஏற ஊரில் சிலர் தயங்குகிறார்களாம். நஞ்சி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"நீச்சல் தெரியுங்களா?" என்றார் முதல் கேள்வியாக.

"தூத்துக்குடிக்காரி நான். கடல்லயே நீந்துவேன்."

"கடல்ல பாறை இருக்காதுங்க. இங்க துடுப்ப நான் வலிக்கறேன், நீங்க நடுவுல அசையாம குந்தீட்டு வாங்க. அது போதும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பரிசலைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தார்.

செப்டம்பர் 14

ஆனைமடுவில் இன்றோடு எட்டு மீன்கள். இடுக்குப்பாறைக்குக் கீழே உள்ள பெரிய மடு இது. கோடை முழுக்கப் பெருங்கெண்டைகள் இங்கேதான் கிடக்கும். தூண்டிலில் பிடித்தது ஐந்து, வலையில் மூன்று.

ஒவ்வொரு மீனுக்கும் ஏழு நிமிடம். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்க விடுவது. ஈரத்துணி விரித்த தொட்டிலில் மல்லாத்தி, செவுளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, வயிற்றில் என் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு வெட்டு. டிரான்ஸ்மிட்டரை உள்ளே தள்ளி, மயிர் போன்ற அதன் கம்பியை மட்டும் வெளியே விட்டு மூன்று தையல். பிறகு ஓடும் தண்ணீரில் கையால் பிடித்து, அது தானாக வால் அடிக்கும் வரை காத்திருப்பது.

ஏழாம் எண் மீன் பன்னிரண்டு கிலோ. செதில் ஒவ்வொன்றும் பெண்ணின் உள்ளங்கை அளவு, பழைய பித்தளை நிறம். முட்டை வைக்கத் தொடங்கிய வயிறு. முதல் தையலைப் பிரித்து மறுபடி போட்டேன். நஞ்சி பார்த்துவிட்டார்.

"எதுக்குங்க இத்தன பாடு? மீனு எங்க போகுதுன்னு எங்கள கேட்டா சொல்ல மாட்டமா?"

"நீங்க சொன்னா எழுதிக்கமாட்டாங்க நஞ்சி. இந்த மிஷின் சொன்னா எழுதிக்குவாங்க."

"யாரு எழுதிக்கமாட்டாங்க?"

நான் நூலை வெட்டினேன்.

செப்டம்பர் 15

எட்டும் உயிரோடு இருக்கின்றன. ரிசீவரில் ஒவ்வொரு மீனுக்கும் தனி எண்; எட்டு எண்ணிலும் டிக், டிக், டிக்.

செப்டம்பர் 22

தினமும் இதே வேலை. கரையில் ஒரு பாறையில் ஏறி ஆன்டெனாவை மெல்லச் சுழற்றுவேன். மீன் இருக்கும் திசையில் சத்தம் ஓங்கும். திசைகாட்டியில் கோணத்தைக் குறித்துக்கொண்டு, ஐந்நூறடி தள்ளிப் போய் மறுபடியும் சுழற்றுவேன். இரண்டு கோடும் வரைபடத்தில் எங்கே வெட்டுகிறதோ அங்கே மீன். மூன்று ஆள் ஆழத்துக்குக் கீழே போய்விட்டால் சத்தம் செத்துவிடும். அப்போது அது மேலே வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உட்கார்ந்திருக்கும் நேரத்தில் துணி துவைத்தேன். அட்டை கடித்த இடத்தில் புகையிலை வைத்துக் கட்டினார் நஞ்சி.

அப்போது அவராகவே பேச்செடுத்தார். "ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு மேடம் வந்தாங்க. சித்திரை வெயிலு. ஆத்துல கணுக்கால் தண்ணி. எங்கூட்டுக்காரருதான் கூட்டீட்டுப் போனாரு. பதனொரு நாளு இருந்தாங்க."

"அப்படியா?"

"ஆமாங்க. கொட புடிச்சுட்டு பாறை மேல நின்னு பாத்தாங்களாம். மீனே இல்லைன்னு சொல்லீட்டுப் போயிட்டாங்களாம்."

நான் ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு அடுத்த பாறைக்குப் போனேன். மூன்றாம் எண் மடுவின் தென்மேற்கு மூலையில் இருந்தது.

அக்டோபர் 2

இடுக்குப்பாறையில் பொருத்திய பதிவுப் பெட்டி நொறுங்கிக் கிடந்தது. சோலார் தகடு இரண்டாக மடிந்து ஆற்றோரம். மேட்டில் கம்பெனியின் முகாம் இருக்கிறது. நேராக அங்கே போய்ச் சண்டை பிடிக்கக் கிளம்பினேன். பாதி வழியில் நஞ்சி கையைப் பிடித்து நிறுத்தித் தரையைக் காட்டினார். ஆனைச் சாணம், இன்னும் சூடு ஆறாமல்.

"இவங்ககிட்டயும் போய்ச் சண்ட போடறீங்களா?"

போட முடியாது. இனி பெட்டி இல்லை. மீன் அருவியைத் தாண்டுகிறதா என்று தெரிய வேண்டுமானால் என் காதால்தான் கேட்க வேண்டும்.

அக்டோபர் 7

காலையில் நான்காம் எண், இடுக்குப்பாறைக்கு மேலே இரண்டு கிலோமீட்டரில். மேலே. நேற்று மாலை அருவிக்குக் கீழே இருந்த மீன். கோணத்தை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் மேலேதான். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். சிரித்திருப்பேன் போலிருக்கிறது, நஞ்சி என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"கொஞ்சம் இருங்க மேடம். சத்தத்தக் கேளுங்க. தண்ணியில இருக்கற மீனு சத்தம் ஏறி எறங்கும். இது ஒரே மாதிரி அடிக்குது."

மூன்று வாரத்தில் என் காதைவிட அவர் காது கூர்மையாகிவிட்டது. ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு சத்தத்தின் பின்னாலேயே நடந்தோம். ஆற்றை விட்டு விலகி மேட்டில் ஏறியது. முகாமின் சமையல் கொட்டகையில் போய் நின்றது.

சமையல்காரர் உசிலம்பட்டிக்காரர். சன்னலில் வைத்திருந்த டிரான்ஸ்மிட்டரை எடுத்துக் கொடுத்தார். "மீனை நறுக்குறப்ப வயித்துக்குள்ள இருந்துச்சும்மா. சுவர்க்கடியாரத்துப் பேட்டரியைத் தின்னுருச்சு போலன்னு நெனச்சேன். யாரோ பாறைக்கு வைக்கிற வெடித் தோட்டாவை ஆத்துல போட்டுப் பிடிச்சுக் கொண்டாந்தாய்ங்க. ஒங்க மீனுன்னு தெரிஞ்சா வாங்கியிருக்க மாட்டேன்."

திரும்பும் வழியில் கம்பெனியின் சைட் இன்ஜினியர் ஜீப்பை நிறுத்தி, "மேலதான் சிக்னல் கெடைச்சதுன்னு எழுதிக்கலாமே மேடம், உங்களுக்கு வேண்டியது அதானே" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொன்னாரா, பிறகு மாட்டிவிடச் சொன்னாரா, தெரியவில்லை.

நோட்டில் அடிக்கோடு போட்ட வரியைக் குறுக்காகக் கோடிட்டு, "நான்காம் எண், இறப்பு, முகாம் சமையலறை" என்று எழுதினேன். வேண்டியதை எழுதிக்கொள்வது சுலபம். எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 13

பள்ளிக்கூட மேட்டில் நின்றால் மட்டும் செல்போன் எடுக்கும். சபாநாயகம் சார் பேசினார்.

"பிரகாசி, போதும்மா. நாளை மறுநாளோட முடிச்சிட்டு வந்துடு. எதுவும் தாண்டலல்ல?"

"இதுவரைக்கும் தாண்டல சார். மழை இன்னும் வரல. மேல மழை பெஞ்சு தண்ணி ஏறினாத்தான் மீன் கெளம்பும். இன்னும் ஆறு வாரம் வேணும்."

"ஆறு வாரமா? நவம்பர் இருபதாம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதுக்கு முன்னால உறுதிப்படுத்துற கடிதம் போயாகணும். ரெண்டு பக்கம் எழுதினா போதும். பழைய அறிக்கையில இல்லாத எதையும் நீ புதுசா சொல்லப்போறதில்ல."

"அந்த அறிக்கைக்கும் மழைக்கு முன்னாலதான் பாத்தது. இதுக்கும் மழைக்கு முன்னாலயே கிளம்பச் சொல்றீங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த அறிக்கையைப் பத்தி நீ பேசலாமாம்மா? யோசிச்சுப் பேசு."

யோசித்துத்தான் பேசினேன். "பதினஞ்சாம் தேதியிலிருந்து எனக்கு ஈட்டிய விடுப்பு எழுதி அனுப்பறேன் சார். இங்கேயேதான் இருப்பேன்."

வைத்துவிட்டார்.

அக்டோபர் 14

விடுப்பு விண்ணப்பம் பதிவுத் தபாலில் போயிற்று. காரணம் என்ற இடத்தில் "மீன்" என்று எழுதினேன்.

அக்டோபர் 19

நிறுவனத்திலிருந்து டிரைவர் ஞானசிகாமணி வந்தார். ரிசீவரையும் ஆன்டெனாவையும் வாங்கி வரும்படி கடிதம். ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். ரவா உப்புமா செய்து கொடுத்தேன்.

கை கழுவிக்கொண்டே கேட்டார்: "மேடம், வீடு பூட்டியிருந்துச்சு, ஆளைக் காணோம்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாம் சிகாமணி. பார்த்தேன், கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்கன்னே சொல்லுங்க."

"வேலைக்கு ஆபத்தாச்சே மேடம்."

"உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நான் எழுதியே தர்றேன்."

நவம்பர் 21 அன்று கருவிகளை என் கையாலேயே ஒப்படைப்பதாகவும், அதுவரை தர மறுத்தது நானே என்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், வண்டியிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டுகள் நாலு எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 27

மேலே மழை. ஆற்றின் நிறம் மாறிவிட்டது. மதியத்துக்குள் இரண்டு முழம் ஏறியது. ஆனைமடுவில் இருந்த ஏழு மீன்களில் மூன்று அங்கே இல்லை.

அக்டோபர் 30

இடுக்குப்பாறை அருவிக்கு நேர் கீழே: இரண்டாம் எண், ஐந்தாம் எண், ஏழாம் எண். அருவியின் இரைச்சலில் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துத்தான் கேட்க முடிகிறது.

ஏழாம் எண் பாய்வதைப் பார்த்தேன். வெள்ளை நுரைக்குள்ளிருந்து பித்தளை நிறம் கிளம்பி, பாதி உயரம் வந்து, பாறையில் மோதி விழுந்தது. மறுபடி. மறுபடி. அருவி உண்மையிலேயே தடைதான் என்று எழுத வேண்டியிருக்குமோ என்று ஒரு கணம் பயந்தேன்.

நஞ்சி வலப்பக்கம் கையை நீட்டினார். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு பிளவு. வெயில் காலத்தில் உலர்ந்து கிடக்கும். இப்போது அதில் தண்ணீர் படிப்படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒரு முழம் ஏறோணுங்க. ஏறுனா மீனேறி தொறந்துக்கும்."

"மீனேறி."

"இந்த ஓடைக்கு அதானுங்க பேரு. தெரியாதுங்களா?"

மழை வலுத்ததால் கிளம்பினோம்.

நவம்பர் 1

பெரு வெள்ளம். பரிசல் இறக்க முடியவில்லை. அறையில் ரிசீவருக்கு அடுப்புச் சூடு காட்டிக் காய வைத்தேன். வாசற்படி வரை சேறு.

நவம்பர் 3

மூன்று எண்ணுக்கும் சத்தமில்லை.

நவம்பர் 4

இல்லை.

நவம்பர் 6

இல்லை. மூன்று மீனும் வெள்ளத்தில் பாறையில் அடிபட்டுச் செத்திருக்கலாம். டிரான்ஸ்மிட்டர் கழன்றிருக்கலாம். மேலே போயிருக்கலாம். கருத்துக் கேட்புக்கு இன்னும் இரண்டு வாரம். காய்ச்சல் போல இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தேன். பத்து கிலோமீட்டர் வரை கரையோரம் ஒன்றுமில்லை. ஊர்க் கடைக்காரர் அரிசி கட்டிக் கொடுத்துக்கொண்டே, "அணை வந்தா எங்க பசங்களுக்கு வேல வருமுன்னு இருந்தமுங்க. நீங்க வேற" என்றார். அவர் சொல்வதும் நியாயம். இருந்தாலும் நாளையும் நடப்பேன்.

நவம்பர் 8

முதல் பேருந்து வரும் முன்பே கிளம்பினோம். பரிசலை அருவிக்கு மேலே தலைச்சுமையாகத் தூக்கிப் போனோம். முன்பக்கம் நஞ்சி, பின்பக்கம் நான். வழியில் மூன்று இடத்தில் வைத்து எடுத்தோம்.

இடுக்குப்பாறையிலிருந்து பதினாறு கிலோமீட்டர் மேலே பொடிக்கல் துறை என்ற இடம். ஆறு அகலமாகி, முழங்கால் ஆழத்தில், கூழாங்கல்லின் மேல் ஓடுகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது. நான் இதற்கு முன் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு ரிசீவரில் ஏழாம் எண்ணைத் திருப்பினேன்.

டிக். டிக். டிக்.

ஏறி இறங்கும் சத்தம். தண்ணீரில் இருக்கும் மீனின் சத்தம். இரண்டாம் எண்ணைத் திருப்பினேன். அதுவும். ஐந்தாம் எண் இல்லை.

இரண்டு பாறைகளிலிருந்து கோணம் எடுத்தேன். நஞ்சி திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டார். கோடு வெட்டிய இடத்தை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். தண்ணீர் கொதிப்பதுபோல இருந்தது. பதினைந்து, இருபது பெருங்கெண்டைகள். முதுகு வெளியே தெரிய ஒன்றையொன்று உரசிக்கொண்டு, வாலால் கல்லைக் கிளறிக்கொண்டு இருந்தன. பெரியது ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தபோது அதன் வயிற்றுக்கடியில் மயிர் போல ஒரு கம்பி வெயிலில் மின்னியது. என் தையல்.

நாற்பது நிமிடம் வீடியோ எடுத்தேன். இடத்தின் அளவு, நேரம், தண்ணீரின் சூடு எல்லாம் எழுதினேன். கல்லுக்கடியில் பிளாஸ்டிக் வடிகட்டியை வைத்துப் பார்த்தேன். முட்டைகள். மஞ்சள் நிறம், கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை.

நஞ்சி கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிறாரா என்று நினைத்தேன். இல்லை. கோபமாக இருந்தார்.

"இதத்தானுங்க அவரு சொன்னாரு" என்றார்.

எழுந்து பரிசலின் முன்பக்கத்தைத் தூக்கினார், நான் பின்பக்கத்தைத் தூக்கினேன்.

நவம்பர் 12

நான்கு நாளாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பழைய அறிக்கையை எழுதியது நான்.

அது ஏப்ரல் மாதம். என் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடியவிருந்தது. அறிக்கையைச் சீக்கிரம் கொடுத்தால் நிரந்தர வேலைக்குப் பரிந்துரைப்பதாகச் சபாநாயகம் சார் சொல்லியிருந்தார். பதினொரு நாள் கொடுத்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. இதே அறையில் தங்கினேன். காளன் என்னைப் பரிசலில் கூட்டிப் போய், தண்ணீர் இல்லாத இடத்தில் நடத்திப் போய், அருவியின் வலப்பக்கம் இருந்த உலர்ந்த பிளவைக் காட்டினார். "மழைக்கு வாங்க மேடம். மீனு இது வழியாத்தான் மேல ஏறும். அதனாலதான் மீனேறின்னு பேரு" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது.

அறிக்கையில் அந்தப் பிளவு இருக்கிறது. "அருவியின் வலப்புறம் வறண்ட பாறைப் பிளவு, நீரோட்டம் இல்லை" என்று. காளன் சொன்னது இல்லை. அவர் பேர் இல்லை. மழைக்காலத்தில் பார்க்கவில்லை என்ற ஒரு வரியும் இல்லை. முதலில் அந்த வரியை எழுதியிருந்தேன். சார் அதை அடித்துத் திருப்பி அனுப்பினார். நான் மறுபடி சேர்க்கவில்லை. அவர் அடித்தார் என்று சொல்லித் தப்பிக்கலாம். கையெழுத்து என்னுடையது. ஜூன் மாதம் நிரந்தர வேலை கிடைத்தது.

ஆறு வருடமாக எந்த ஆற்றைப் பார்த்தாலும் வலப்பக்கம்தான் பார்க்கிறேன்.

நவம்பர் 13

நஞ்சியிடம் சொன்னேன். அவர் பரிசலின் அடிப்பக்கத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். குச்சியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"நீங்க பஸ்ஸ விட்டு எறங்குனப்பவே."

"அப்பறம் ஏன் எனக்குப் பரிசல் ஓட்டினீங்க?"

"பாக்கலாம்னுதான். இந்தத் தடவ மழை வர்ற வரைக்கும் இருக்கறீங்களா, முன்ன மாதிரி போயிர்றீங்களான்னு."

இன்னும் கொஞ்ச நேரம் தார் பூசினார்.

"அவரு சாகற வரைக்கும் சொல்லீட்டே இருந்தாருங்க. அந்தம்மா நோட்டுல எழுதிக்கிட்டாங்க நஞ்சி, நாஞ் சொன்னத எழுதிக்கிட்டாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு."

மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்டக் கேட்டு என்னங்க ஆகுது? அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

நவம்பர் 20

கீழூர்க் கல்யாண மண்டபம். உள்ளே இருநூறு பேருக்கு மேல். மேடையில் மாவட்ட அதிகாரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆள் இருவர், கம்பெனியின் ஆலோசகர். சபாநாயகம் சார் முதல் வரிசையில். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து இடம் ஒதுக்கினார். நான் நஞ்சியோடு பின்னால் உட்கார்ந்தேன்.

ஆலோசகர் வரைபடங்களைக் காட்டிவிட்டு, மீன் விஷயத்துக்கு வந்ததும் அறிக்கையை உயர்த்திப் பிடித்து வாசித்தார். "அருவி நிரந்தரத் தடை." வாசித்தபின், "இதை எழுதின விஞ்ஞானியே இங்க வந்திருக்காங்க, ரொம்ப சந்தோஷம்" என்றார்.

எழுந்து நடந்தேன். மைக் உயரமாக இருந்தது, வளைத்துக்கொண்டேன்.

"அந்த வரி தப்பு. எழுதினது நான். மழைக்காலத்துல நான் பாக்கல. பாக்கலைங்கறதையும் எழுதல. காளன்னு ஒருத்தர், இந்த ஊர்ப் பரிசல்காரர், மீன் எந்த வழியா ஏறும்னு எடத்தையே காட்டினார். அதையும் மறைச்சேன்."

சபாநாயகம் சார் எழுந்து, "இவங்க இப்ப விடுப்புல இருக்காங்க, நிறுவனம் சார்பா பேச அதிகாரம் இல்ல" என்றார்.

"நிறுவனம் சார்பா பேசல சார். என் சார்பா பேசறேன்."

பிறகு எட்டு மீன், நான்காம் எண் இறந்தது, ஐந்தாம் எண் என்ன ஆயிற்று என்று தெரியாதது, இரண்டும் ஏழும் பதினாறு கிலோமீட்டர் மேலே முட்டையிட்டது எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ காட்டினேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏப்ரல்ல ஒண்ணு எழுதறீங்க, நவம்பர்ல ஒண்ணு சொல்றீங்க. நான் எதம்மா நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம் சார். மீன் மேலதான் இருக்கு. நாளைக்குக் காலையில வாங்க, நீங்களே கேளுங்க."

ஆலோசகர் சிரித்தார். அப்போது நஞ்சி இருந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல் பேசினார். "நான் பரிசல் ஓட்டறனுங்க. அய்யாவுக்கு நீச்சல் தெரியாட்டியும் பரவால்ல. நடுவுல அசையாம குந்தீட்டு வந்தாப் போதும்."

சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. உதவியாளரிடம், தனக்கு நாளை இருந்த அலுவலகக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

நவம்பர் 21

அதிகாரி வந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அருவிக்கு மேலே நாலு கிலோமீட்டரில், பாறையில் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இரண்டாம் எண் இறங்கி வரும் வழியில் அங்கே ஒரு மடுவில் இருந்தது. ஐந்து நிமிடம் அசையாமல் கேட்டார். அருவிக்குத் திரும்பி வந்ததும் நஞ்சியிடம், "மீனேறி எது?" என்று கேட்டார். காட்டினார்.

மாலையில் ரிசீவரையும் ஆன்டெனாவையும் மீதி டிரான்ஸ்மிட்டர்களையும் ஞானசிகாமணியிடம் ஒப்படைத்தேன். சொன்ன தேதி. ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 27

இரண்டு கடிதம். ஒன்று அதிகாரி குழுவுக்கு எழுதியதன் நகல்: நான்கு பருவங்களுக்கும் புதிய ஆய்வு முடியும் வரை அனுமதியை நிறுத்தி வைக்கும்படி. ஊர்க்காரர்களையும் ஆய்வில் பெயரோடு சேர்க்க வேண்டுமாம். அணை நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் நின்றிருக்கிறது.

இன்னொன்று எனக்கு. பணி இடைநீக்கம். குற்றச்சாட்டுகள் இரண்டு: உத்தரவை மீறிக் கருவிகளை வைத்திருந்தது, நிறுவனத்தின் அறிக்கையைப் பொதுமேடையில் தவறென்று கூறி நற்பெயரைக் கெடுத்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

நவம்பர் 29

பதினைந்து நாள் எதற்கு? காலையில் பள்ளிக்கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நஞ்சி வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு, நான் எழுதியதை வரிவரியாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

முதல் குற்றச்சாட்டு: உண்மை. கருவிகள் முப்பத்தேழு நாள் என்னிடம் இருந்தன. மீன்கள் அந்த நாட்களில்தான் ஏறின.

இரண்டாவது: உண்மை. அறிக்கை தவறு.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் நஞ்சி.

இல்லை. மூன்றாவது குற்றச்சாட்டு ஒன்று அவர்கள் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. அதை நானே சேர்த்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏப்ரலில், காளன் என்பவர் கூறிய தகவலை மறைத்து, மழைக்காலத்தைப் பார்க்காமல், பொய்யான அறிக்கையில் கையெழுத்திட்டது. அந்த ஆண்டு நோட்டின் பக்கமும், அடித்துத் திருப்பிய வரியோடு உள்ள வரைவும் என் அலமாரியில் இருக்கின்றன, விசாரணையில் தாக்கல் செய்வேன் என்று எழுதினேன். தண்டனையை ஏற்கிறேன், விசாரணையைத் தவிர்க்க விரும்பவில்லை என்றும் எழுதினேன்.

கடைசியில் ஒரு வேண்டுகோள். விசாரணையை அலுவலகத்தில் வைக்க வேண்டாம். ஏப்ரலில் ஒரு நாள், நவம்பரில் ஒரு நாள், இரண்டு முறையும் இடுக்குப்பாறையில் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி இங்கேயே இருக்கிறார்.

நஞ்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். "அவரு பேர எப்படி எழுதியிருக்கறீங்க, காட்டுங்க."

காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். கா, ள, ன். இரண்டு முறை வாசித்தார். பிறகு காகிதத்தை மடித்து உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி அவரே ஒட்டினார்.

பதினொன்றரைப் பேருந்தில் தபால் போயிற்று.